வாட்ச்மேன் கையில் கொத்துச் சாவி: கேம் ஆன்டி-சீட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் தெரிந்தவன், அதோடு கேமும் ஆடுகிறவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் கல்யாண வீட்டில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. போன தை மாதம் ஒரு பந்தியில், சாம்பார் முடிந்து ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில், பக்கத்து இலைத் தம்பி கேட்டான்: "அண்ணா, இந்த வான்கார்ட் நம்ம போட்டோ எல்லாம் பாக்குமாண்ணா?" (வான்கார்ட் என்பது வேலரன்ட் கேமோடு வரும் காவல் மென்பொருள்.) பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அவன் கேட்டது, அவன் கூட்டாளிகள் பிறகு கேட்டது, ஒன்றிரண்டு அப்பா அம்மாக்கள் கேட்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆன்டி-சீட் என்பது என்ன? அது இல்லாமல் கேம் ஓடாதா?

ஓடும். ஆடத்தான் சகிக்காது.

ஆன்லைன் ஷூட்டர் கேமில் எதிராளி சுவருக்குப் பின்னால் எங்கே நிற்கிறான் என்ற தகவல் பெரும்பாலும் உங்கள் கணினியின் மெமரிக்கு ஏற்கெனவே வந்திருக்கும். கேம் அதைத் திரையில் காட்டாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த மெமரியை வேறொரு புரோகிராம் எட்டிப்பார்த்து, ஆள் நிற்கும் இடத்தில் கட்டம் போட்டுக் காட்டினால் அது வால்ஹேக். உங்களுக்குப் பதில் அதுவே குறிவைத்தால் எய்ம்பாட். இரண்டும் 'சீட்', அதாவது ஏமாற்று மென்பொருள். இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்க கேமோடு சேர்ந்து வருகிற காவல் மென்பொருள்தான் ஆன்டி-சீட்.

சீட்டிங் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் ஆசிய அளவிலான கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டி நடந்தது. இந்தியாவிலிருந்து போன ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர் மேல் சந்தேகம் வந்து, நடுவர் அவருடைய கணினியைப் பார்க்க வந்தார். வந்த மாத்திரத்தில் இவர் ஒரு ஃபைலை அவசர அவசரமாக அழிக்கப் பார்த்தார். ஃபைலின் பெயர் 'வேர்ட் டாட் இஎக்ஸ்இ'. குறிவைக்க உதவும் சீட், எம்.எஸ். வேர்ட் வேஷம் கட்டி உட்கார்ந்திருந்தது. அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. அவருக்கு 5 ஆண்டுத் தடை. நடுவர் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிற இடத்திலேயே இந்தக் கதி என்றால், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் ஆடுகிறவனை யார் கேட்பது?

'கெர்னல் லெவல்' என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

விண்டோஸில் நீங்கள் திறக்கும் குரோம், எக்செல், கேம் எல்லாம் 'யூசர் மோட்' என்ற தளத்தில் ஓடுபவை. ஒன்றின் மெமரியில் இன்னொன்று கைவைக்க வேண்டுமானால் கீழே இருக்கும் கெர்னலிடம், அதாவது விண்டோஸின் மையப் பகுதியிடம், அனுமதி கேட்க வேண்டும். கெர்னலோ யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. ரேம், டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாம் அதன் ஆட்சி. பிராசஸர் கணக்கில் மேலே இருப்பது ரிங் 3, கீழே இருப்பது ரிங் 0. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், ஆன்டிவைரஸ் போன்றவை கெர்னலில் ஓடுகின்றன. இப்போது கேம் கம்பெனிகளின் டிரைவர்களும் அங்கே குடிவந்துவிட்டன.

அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். யூசர் மோட் ஆன்டி-சீட், கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர். கெர்னல் ஆன்டி-சீட், எல்லா வீட்டுச் சாவியையும் கொத்தாக இடுப்பில் செருகிக்கொண்டு மாடி மாடியாக நடக்கிறவர். "திருடன் மொட்டைமாடி வழியா இறங்கப் பழகிட்டான் சார், கேட்டுல உக்காந்து என்ன புண்ணியம்?" என்று அவர் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. சீட் விற்பவர்கள் கெர்னலுக்குள் போனதால்தான் இவர்களும் பின்னாலேயே போனார்கள். செல்லுபடியாகும் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை 64-பிட் விண்டோஸ் ஏற்றாது. சீட் விற்பவன் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறான். ஏதாவது ஒரு ஹார்டுவேர் கம்பெனி முறையாகக் கையெழுத்து வாங்கி வெளியிட்ட, ஆனால் ஓட்டை உள்ள, பழைய டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றுவான். அந்த ஓட்டை வழியாகத் தன் சரக்கை உள்ளே தள்ளுவான். இந்த உத்தியை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்ப வரும்.

அதற்காக கணினியை ஆன் செய்ததுமே ஓட வேண்டுமா? எல்லா கேமும் அப்படியா?

இல்லை, கேமுக்குக் கேம் வித்தியாசம் இருக்கிறது.

ரயட் நிறுவனத்தின் வான்கார்ட் 2020-இல் வேலரன்ட்டோடு வந்தது, 2024 மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வந்தது. அதன் டிரைவர் விண்டோஸ் எழும்போதே எழுகிறது. சீட் டிரைவர் முதலில் ஏறிவிட்டால் பின்னால் வருகிற எதையும் அது ஏமாற்றிவிடும், அதனால் யார் முதலில் ஏறுவது என்பதில்தான் போட்டி. கால் ஆஃப் டூட்டியின் ரிகோஷே டிரைவர் கேம் ஓடும்போது மட்டும் ஓடி, கேமை மூடினால் நின்றுவிடும் என்று அறிவிக்கப்பட்டது. ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் போன்றவை பயன்படுத்தும் ஈஸி ஆன்டி-சீட், பப்ஜி பிசி பயன்படுத்தும் பேட்டில்ஐ இரண்டிலும் கெர்னல் பகுதி உண்டு, ஆனால் வழக்கமாக கேம் திறக்கும்போதுதான் எழும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனத்தின் ஆன்டி-சீட்டான வேக், 2002-இலிருந்து இருக்கிறது, யூசர் மோடிலேயே ஓடுகிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறவர்கள் ஹேக்கர் தொல்லை என்று ஏன் இவ்வளவு புலம்புகிறார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வான்கார்ட் வந்த புதிதில் வெப்பநிலை காட்டும், ஃபேன் வேகம் மாற்றும் சில மென்பொருட்களின் டிரைவர்களையும் முடக்கி வைத்தது. கேம் ஆடாத நேரத்திலும்தான். அவற்றில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனாலும் என் வீட்டு ஃபேனை நிறுத்த வாட்ச்மேன் யார்? கூச்சல் கிளம்பியபின் ரயட் அதைத் தளர்த்தியது, டாஸ்க்பார் ஓரத்தில் ஐகான் வைத்து நாமே நிறுத்திக்கொள்ளும் வசதியும் தந்தது.

நேராகச் சொல்லுங்கள்: என் போட்டோ, பாஸ்வேர்டு, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பார்க்கிறதா?

இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. பார்க்க முடியுமா? முடியும். பார்க்கிறதா? பெரிய நிறுவனங்களின் ஆன்டி-சீட் எதுவும் உங்கள் கல்யாண ஆல்பத்தைத் திருடியதாக நான் அறிந்தவரை யாரும் நிரூபிக்கவில்லை.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் போட்டோவைத் திருட கெர்னல் தேவையே இல்லை. நீங்கள் டபுள் கிளிக் செய்து திறக்கும் எந்த புரோகிராமும், அது சீட்டாட்ட கேமாகவே இருந்தாலும், உங்கள் பெயரில் ஓடுகிறது. உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை நீங்கள் படிக்கலாம் என்றால் அதுவும் படிக்கலாம். 'கெர்னல் இல்லாத கேம், அதனால் கவலையில்லை' என்பது ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுகிற கதை. கெர்னலுக்குப் போனால் கூடுவது வேறு அதிகாரம்: தன்னை மறைத்துக்கொள்ளலாம், ஆன்டிவைரஸையே நிறுத்தலாம், அதே கணினியில் மற்றவர்களுக்கு இருக்கும் அக்கவுன்ட்டுகளையும் தொடலாம். அதில் ஒரு ஓட்டை விழுந்தால் கணினி முழுக்கப் போகும்.

ஆன்டி-சீட்கள் பொதுவாக என்ன எடுக்கின்றன? ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், ஏறியிருக்கும் டிரைவர்கள், மதர்போர்டு மற்றும் டிஸ்க் சீரியல் எண்கள், கேமின் மெமரியில் யாராவது கைவைத்த தடயம். ஸ்கிரீன்ஷாட்டும் உண்டு. வான்கார்ட் உங்கள் முழு டெஸ்க்டாப்பையும் படம் எடுக்கிறது என்று 2024-இல் வதந்தி பரவியபோது ரயட் தரப்பு தந்த விளக்கம் இது: முழு டெஸ்க்டாப்பை எடுப்பதில்லை, வால்ஹேக் சந்தேகம் வந்தால் கேம் இருக்கும் திரைப் பகுதியை மட்டும் எடுப்போம். கேமை ஃபுல்ஸ்கிரீனில் ஆடினால் கேம் மட்டும். ஜன்னலாகவோ பார்டர்லெஸ்ஸாகவோ ஆடினால் கேம் அடைத்திருக்கும் இடம். அந்த இடத்தின் மேல் அந்த நொடியில் வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் எட்டிப்பார்த்தால் அதுவும் படத்தில் விழ வாய்ப்பிருக்கிறது என்பது என் ஊகம். நான் ஃபுல்ஸ்கிரீனில்தான் ஆடுகிறேன்.

உளவு பார்த்து மாட்டிக்கொண்ட ஆன்டி-சீட் உண்டா?

மாட்டியது என்பதைவிட, சட்டையைப் பிடித்து உலுக்கப்பட்டவை உண்டு.

முதல் பெரிய சண்டை 2005-இல். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் பிளிசார்ட் வைத்திருந்த வார்டன் என்ற காவல் புரோகிராமை கிரெக் ஹோக்லண்ட் பிரித்துப் பார்த்தார். கணினிக்குள் ஒளிந்திருக்கும் ரூட்கிட் மென்பொருட்களைப் பற்றிப் புத்தகமே எழுதிய ஆய்வாளர் அவர். திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களின் தலைப்பையும் வார்டன் படிக்கிறது என்று அவர் வெளியிட்டார். ஜன்னல் தலைப்பில் என்ன இருக்கும்? நீங்கள் படிக்கும் மின்னஞ்சலின் பொருள் வரி, போயிருக்கும் தளத்தின் பெயர், அரட்டை அடிக்கும் நண்பனின் பெயர். படித்ததைச் சுருக்கக் குறியாக மாற்றி சீட் பட்டியலோடு ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான் என்பது கம்பெனியின் நிலை. இது உளவு மென்பொருள் என்றது அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன்.

அதே ஆண்டு நடந்த இன்னொரு கூத்து. சோனி பிஎம்ஜி தன் பாட்டு சிடிக்களில் காப்பியடிப்பதைத் தடுக்க ஒரு ரூட்கிட்டை ஒளித்து வைத்திருந்தது. ஒரு குறிப்பிட்ட முன்னெழுத்துகளோடு தொடங்கும் எந்த ஃபைலையும் அது விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். வார்கிராஃப்ட் சீட்டர்கள் அந்த சிடியைப் போட்டு, தங்கள் சீட் ஃபைலுக்கு அதே முன்னெழுத்தை வைத்தார்கள். வார்டனுக்குக் கண் தெரியாமல் போயிற்று. ஒரு கம்பெனி வைத்த பூட்டு இன்னொரு கம்பெனியின் திருடனுக்கு முக்காடாக ஆனது.

2014 பிப்ரவரியில் வால்வின் முறை. நீங்கள் போன தளங்களின் தடயம் இருக்கும் டிஎன்எஸ் கேஷை வேக் படிக்கிறது என்று செய்தி பரவியது. தலைவர் கேப் நியூவெல் தானே வந்து பதில் சொன்னார்: காசு வாங்கி விற்கப்படும் சில கெர்னல் சீட்கள் தங்கள் சர்வரோடு பேசுகின்றன, ஏற்கெனவே சந்தேகம் வந்த கணினிகளில் மட்டும் அந்த சர்வர் பெயர் இருக்கிறதா என்று தேடினோம், 570 பேர் மாட்டினார்கள், உங்கள் பிரவுசிங் வரலாறு எங்களுக்கு வருவதில்லை. பூசி மெழுகாமல் இப்படி உடைத்துச் சொன்ன விளக்கத்தை இந்தத் துறையில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் பயம் வீண்தானே?

பயம் வீணில்லை, அது பார்க்கும் திசைதான் தவறு. கம்பெனி திட்டமிட்டு உளவு பார்த்ததால் பாதிக்கப்பட்டவர்களைவிட, வாட்ச்மேனின் சாவி வேறு கைக்குப் போனதால் பாதிக்கப்பட்டவர்கள் அதிகம். மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

முதலாவது, உள்ளே இருப்பவர். ஈஎஸ்ஈஏ என்ற கவுண்டர்-ஸ்ட்ரைக் லீக். அதில் ஆட அவர்களுடைய ஆன்டி-சீட் கிளையன்ட்டைப் போட வேண்டும். 2013 ஏப்ரலில் சிலருடைய கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போதே கொதித்தது. தோண்டிப் பார்த்தால் கிளையன்ட்டுக்குள் பிட்காயின் மைனர், அதாவது கணினியை உழைக்கவைத்து டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் புரோகிராம்! கம்பெனி ஆள் ஒருவர் அதை ஓடவிட்டிருந்தார். சுமார் 14,000 கணினிகளை உழவு மாடாக்கிச் சம்பாதித்தது சுமார் 3,700 டாலர். நியூ ஜெர்சி மாநில அரசோடு அதே ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டில் போட்ட தொகை 10 லட்சம் டாலர். உடனே கட்ட வேண்டியது 3.25 லட்சம், ஒழுங்காக நடந்துகொண்டால் மீதி தள்ளுபடி.

இரண்டாவது, கவனக்குறைவு. 2016 செப்டம்பரில் கேப்காம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு ஒரு அப்டேட் விட்டது. சீட்டர்களைத் தடுக்க ஒரு கெர்னல் டிரைவர். அந்த டிரைவர் பிராசஸரின் ஒரு பாதுகாப்பையே அணைத்துவிட்டு, கேட்கிற எந்த புரோகிராமின் நிரலையும் கெர்னல் அதிகாரத்தில் ஓட்டிக்கொடுத்தது. யார் கேட்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கேட்டவனுக்கெல்லாம் சாவி. எதிர்ப்பு எழுந்ததும் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் கையெழுத்திட்ட டிரைவர் ஒருமுறை உலகத்துக்குள் வந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரில் ஓட்டை இருப்பது 2020-இலேயே வெளியே தெரிந்திருந்தது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று அந்த டிரைவரைத் தானே சுமந்துகொண்டு போய்த் தாக்கும் கணினியில் ஏற்றி, அதன் ஓட்டை வழியாக ஆன்டிவைரஸைக் கொன்றுவிட்டு ஃபைல்களைப் பூட்டியதை 2022 ஆகஸ்டில் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. சீட் விற்பவனின் அதே உத்தி. பாதிக்கப்பட்ட கணினியில் கென்ஷின் இருக்கவேண்டிய அவசியமில்லை. அந்த கேமின் பெயரையே கேள்விப்படாத அக்கவுன்டன்ட்டின் கணினியும் இதில் விழலாம். 'நான் கேம் ஆடுவதில்லை, எனக்கென்ன' என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

ரயட் நிறுவனம் சீனாவின் டென்சென்ட்டுக்குச் சொந்தமாமே?

ஆமாம், 2015-இலிருந்து முழுவதும். அலுவலகம் லாஸ் ஏஞ்சலஸில். அரசாங்க ரகசியம் கையாளும் வேலையில் இருப்பவர் அந்தக் கணினியில் வேலரன்ட் போட வேண்டாம். எந்த நாட்டு கேமும் போட வேண்டாம். மற்றவர்களுக்கு என் கவலை உரிமையாளரின் பாஸ்போர்ட்டைப் பற்றியதல்ல, டிரைவர் எழுதியவரின் நிதானத்தைப் பற்றியது. மேலே சொன்ன மூன்று சம்பவங்களில் ஒன்று அமெரிக்கக் கம்பெனி, ஒன்று ஜப்பான், ஒன்று சீனா. வான்கார்டில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னால் 1 லட்சம் டாலர் வரை பரிசு என்று ரயட் 2020-இலேயே அறிவித்தது. அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

டிபிஎம், செக்யூர் பூட் ஆன் செய்யச் சொல்கிறது கேம். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். பேட்டில்ஃபீல்ட் 6 செக்யூர் பூட் இல்லாமல் பிசியில் ஓடாது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் வேண்டும். இரண்டும் தனியுரிமைக்குக் கெடுதல் இல்லை. விண்டோஸ் எழுவதற்கு முன்பே எவனும் நடுவில் நுழையாமல் பார்க்கிற ஏற்பாடு அது.

ஆபத்து வேறு இடத்தில். போன வருஷம் ஒரு உறவுக்காரப் பையனின் லேப்டாப்பில் நானே பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் செட்டிங்ஸ்) போய் இதையெல்லாம் மாற்றினேன். சேவ் கொடுத்து ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை, நடுவில் ஒரு பெட்டி: 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்டச்சு செய்யவும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்ததே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவன் காலேஜ் புராஜெக்ட் முழுக்க உள்ளே. அவன் அம்மா காபி டம்ளரோடு வந்து "ஆச்சாப்பா?" என்று கேட்டபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். நல்லவேளை, அவனுடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சாவி சேமிக்கப்பட்டிருந்தது. போனில் திறந்து அவன் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். ஆகவே முதலில் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதுங்கள், பேக்கப் எடுங்கள். பழைய பிசியில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றாமல் செக்யூர் பூட்டுக்குப் போக முடியாது. அது தெரிந்தவர் கையில் நடக்க வேண்டிய வேலை.

ஆன்டி-சீட் போட்டபின் நீலத்திரை வருகிறது. அதனால்தானா?

இருக்கலாம். யூசர் மோடில் ஒரு புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும் மூடும், கெர்னலில் தப்பு செய்தால் கணினியே விழும். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் திரைகள் நீலமானது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள். அது ஆன்டி-சீட் இல்லை, ஆனால் குடியிருப்பது அதே மாடியில். அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு மென்பொருட்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையை மைக்ரோசாஃப்ட் தொடங்கியது. கேம் ஆன்டி-சீட்களும் ஒருநாள் அந்த வழியில் வெளியேறினால் சந்தோஷம். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் விண்டோஸே நம்பகமான பதில் தந்தால் வாட்ச்மேனுக்குச் சாவி தேவைப்படாது.

லினக்ஸிலும், லினக்ஸில் ஓடும் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக்கிலும் ஆடலாமா?

வேலரன்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கிடையாது. ஏபெக்ஸ் 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸைத் தடுத்தது. ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் லினக்ஸில் ஓட வழி வைத்திருக்கின்றன, ஆனால் அதைத் திறப்பதும் மூடுவதும் அந்தந்த கேம் கம்பெனியின் விருப்பம். விண்டோஸை விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) போட்டு ஏமாற்றலாமா என்று கேட்காதீர்கள், அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மொபைலில்? பிளேஸ்டேஷனில்?

அங்கே கேம் கம்பெனிகளுக்குக் கெர்னலில் இடம் தருவதில்லை. மொபைலில் பார்க்க வேண்டியது நீங்கள் கொடுத்த அனுமதிகளை.

செகண்ட் ஹேண்ட் பிசி வாங்கினேன், கேம் திறந்ததும் 'பேன்', அதாவது தடை, என்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லையே?

முன்பு வைத்திருந்தவர் செய்திருப்பார். அக்கவுன்ட்டை மட்டும் தடுத்தால் சீட்டர் அஞ்சு நிமிஷத்தில் புது அக்கவுன்ட் திறப்பான், அதனால் மதர்போர்டு, டிஸ்க் சீரியல் எண்களையே குறித்துவைத்துத் தடுக்கிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ நண்பனிடமோ பழைய மதர்போர்டு வாங்குகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் நீங்கள் ஆடும் கேமை அதில் ஒருமுறை திறந்து பாருங்கள். தடை ஏற்கெனவே விழுந்துவிட்டதா? பில்லோடு கம்பெனிக்கு எழுதுங்கள். சீரியல் எண்ணை மாற்றிக்காட்டும் 'ஸ்பூஃபர்' மட்டும் வேண்டாம். அது தடையைக் கூட்டும், வைரஸையும் கூட்டி வரும்.

இத்தனை செய்தும் ஒவ்வொரு லாபியிலும் ஒரு ஹேக்கர் இருக்கிறானே?

பேட்டில்ஃபீல்ட் 6-இன் திறந்த பீட்டாவில், 2025 ஆகஸ்டில், முதல் இரண்டு நாளிலேயே 3,30,000 சீட் முயற்சிகளைத் தடுத்ததாக அதை வெளியிடும் ஈஏ நிறுவனம் சொன்னது. செக்யூர் பூட் கட்டாயம் ஆக்கியபிறகு வந்த கணக்கு இது. தடுக்கப்படாமல் நழுவியவை இந்தக் கணக்கில் சேராது.

கெர்னலுக்கும் கீழே போய்விட்டார்கள். டிஎம்ஏ கார்டு என்று ஒன்று இருக்கிறது. மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகினால், விண்டோஸுக்கே தெரியாமல் ரேமை நேரடியாகப் படித்து, கேபிள் வழியாகப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு லேப்டாப்புக்கு அனுப்பும். சீட் ஓடுவது அந்த லேப்டாப்பில். கேம் ஓடும் கணினியில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கார்டோ 'நான் ஒரு சாதாரண நெட்வொர்க் கார்டு' என்று பொய் பெயர் சொல்லும். இதைத் தடுக்க மதர்போர்டில் ஐஓஎம்எம்யூ என்ற ஏற்பாடு உண்டு. ஏசஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நிறுவனங்களின் சில போர்டுகள் அந்தப் பாதுகாப்பு ஆன் ஆகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, கணினி எழும் முதல் நொடிகளில் உண்மையில் ஆன் செய்யாமல் இருந்ததை ரயட் கண்டுபிடித்து 2025 டிசம்பரில் வெளியிட்டது. பயாஸ் அப்டேட்டுகள் வந்தன. சீட்டரைத் துரத்தப்போய் எல்லோருக்கும் இருந்த ஓட்டை அடைபட்டது. வாட்ச்மேனைத் திட்டும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

என் ஆசை வேறு. எதிராளி எங்கே இருக்கிறான் என்பதை, அவன் கண்ணில் படப்போகிற நேரம்வரை சர்வர் அனுப்பவே கூடாது. மெமரியில் இல்லாததை எவன் படிப்பான்? வேலரன்ட் ஓரளவுக்கு இதைச் செய்கிறது. ஆட்டத்தின் பதிவைப் பார்த்து இது மனிதக் கைதானா என்று கணிக்கும் முறையை வால்வ் வளர்க்கிறது. இவற்றுக்கு சர்வர் செலவு ஆகும். கெர்னல் டிரைவர் ஓடுவது உங்கள் மின்சாரத்தில்.

காசு கொடுத்து வாங்கிய பிறகு ஆன்டி-சீட்டைச் சேர்த்தால்?

அநியாயம்தான், நடக்கிறது. ஜிடிஏ ஆன்லைனுக்கு பேட்டில்ஐ வந்தது 2024 செப்டம்பரில், கேம் பிசிக்கு வந்து 9 ஆண்டு கழித்து. ஸ்டீம் டெக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே. டூம் எடர்னலில் 2020 மே மாதம் டெனுவோ ஆன்டி-சீட்டைச் சேர்த்தபோது மட்டும் ஆட்டக்காரர்கள் எதிர்மறை விமர்சனங்களாகக் கொட்டித் தீர்த்ததில் ஒரு வாரத்துக்குள் எடுப்பதாக அறிவித்தார்கள். கத்தினால் கேட்கிறது. 2024 அக்டோபரிலிருந்து கெர்னல் ஆன்டி-சீட் உள்ள கேம்கள், வால்வின் கேம் கடையான ஸ்டீமில் தங்கள் பக்கத்திலேயே அதை அறிவிக்க வேண்டும். வாங்கும் முன் வலது ஓரத்தைப் பாருங்கள்.

சட்டம்? இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அது. ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் இன்றைக்கே எழுதிக் கேட்டு, தங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலைப் பெறலாம்.

கேமை அன்இன்ஸ்டால் செய்தால் இதுவும் போய்விடுமா?

எப்போதும் இல்லை. வான்கார்ட் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் தனிப் பெயராக இருக்கும், அதைத் தனியாக எடுக்க வேண்டும். ஆடாத நாளில் டாஸ்க்பார் ஐகானில் வலது கிளிக் செய்து நிறுத்தலாம். மறுபடி ஆட ரீஸ்டார்ட் வேண்டும், அந்த எரிச்சலுக்குப் பயந்தே பாதிப் பேர் நிறுத்துவதில்லை.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஒரே டெஸ்க்டாப், இரண்டு எஸ்எஸ்டி. ஒன்றில் விண்டோஸ், அதில் கேம் மட்டும். ஸ்டீம், டிஸ்கார்ட், யூட்யூப் தவிர எந்த லாகினும் இல்லை, மின்னஞ்சல்கூட. இன்னொன்றில் லினக்ஸ், முழுக்க என்கிரிப்ட் செய்தது. ஒரு விண்டோஸில் ஏறும் டிரைவர் பக்கத்து டிஸ்க்கைப் படிக்க முடியும் என்பதால்தான் என்கிரிப்ஷன். வான்கார்ட் இருக்கிறது, வேலரன்ட் ஆடுகிறேன், சனி ஞாயிறு மட்டும். கெர்னல் டிரைவர் கேட்கும் தனி ஆட்ட கேம்களை வாங்குவதில்லை. தனியாக ஆடுகிறவன் யாரை ஏமாற்றப்போகிறான்?

ஒரே கணினிதான் வீட்டில். பையன் கேம் ஆடும் அதில் நான் நெட்பேங்கிங் செய்யலாமா? (ஒரு அம்மா கேட்டது)

வேண்டாம்மா, போனில் பேங்க் ஆப்பிலேயே செய்யுங்கள். காரணம் ஆன்டி-சீட் மட்டுமல்ல. யூட்யூபில் 'ஃப்ரீ எய்ம்பாட் 2025' என்று வீடியோ போட்டு, கீழே லிங்க் கொடுத்து, 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க' என்று சொல்கிற கூட்டம் இருக்கிறது. இறங்குவது பல நேரம் ரெட்லைன் போன்ற திருட்டு மென்பொருள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை நிமிஷத்தில் வாரிக்கொண்டு போய்விடும், கெர்னலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். பையனிடம் வான்கார்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் "யாராவது ஃப்ரீ ஹேக் அனுப்பினாங்களா, போட்டுப் பார்த்தியா?" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், இல்லாவிட்டால் உண்மை வராது. பதில் வர ஒரு நொடி தாமதமானால், அன்றைக்கே உங்கள் போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.